ஒரே கெர்னலில் ஒண்டுக்குடித்தனம்: டெஸ்ட் மெஷின்களாக எல்எக்ஸ்சி கன்டெய்னர்கள்

என் மேசைக்கு அடியில் ஒரு பழைய மினி பிசி கிடக்கிறது. நாலு கோர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. அதில் ஒரே பெட்டியில் பல மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, வேலைக்காக எழுதும் ஆன்சிபிள் பிளேபுக்குகளை (சர்வரில் எதை நிறுவ வேண்டும், எப்படி அமைக்க வேண்டும் என்று சொல்லும் கோப்புகள்) விஎம்களில், அதாவது மென்பொருளால் ஆன தனித்தனி மெஷின்களில், ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெபியன் 12 ஒன்று, உபுண்டு 22.04 ஒன்று, ராக்கி 9 ஒன்று என்று மூன்று லினக்ஸ் வகைகள், இவை மூன்றும் பேசுவதற்கு ஒரு டேட்டாபேஸ் மெஷின். ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி, 4 ஜிபி என்று பிரித்துக் கொடுத்ததும் பெட்டிக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது, ஐந்தாவது விஎம் வேண்டுமென்றால் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்த வேண்டும். ஒரு பிளேபுக்கை முதலிலிருந்து ஓட்ட நினைத்தால் விஎம்மைப் பழைய நிலைக்குத் திருப்பி, அது பூட் ஆகி, தூரத்திலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் எழுந்ததா என்று தட்டித் தட்டிப் பார்த்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

கன்டெய்னருக்கு மாறியது அந்த எரிச்சலில்தான். முதல் நாள் பெரிய உற்சாகம். டெம்ப்ளேட்டை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் புதிய டெபியன் மெஷின் சில நொடிகளில் தயார், சும்மா இருக்கும்போது அது தின்பது சில பத்து எம்பி மெமரிதான். அன்றைக்கு ராத்திரியே எட்டு மெஷின் உருவாக்கி வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் ஏன் விஎம்மைக் கட்டிக்கொண்டு அழுதோம் என்று நினைத்தபடி தூங்கப் போனேன். அடுத்த சில மாதங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். கன்டெய்னரைத் திட்டுவதற்காக இல்லை, இன்றும் என் டெஸ்ட்களில் பெரும்பங்கு அதில்தான் ஓடுகிறது.

நான் செய்த எல்லாத் தப்புக்கும் வேர் ஒன்றுதான்: கன்டெய்னரை ஒரு குட்டி விஎம் என்று நினைத்தது. விஎம் என்பது தனி வீடு, தனி மீட்டர், தனி மோட்டார். எல்எக்ஸ்சி கன்டெய்னர் ஒண்டுக்குடித்தனம். உங்கள் அறைக்குள் நீங்கள் ராஜா, கதவைச் சாத்திக்கொள்ளலாம், சுவருக்கு வேண்டிய வண்ணம் அடித்துக்கொள்ளலாம். ஆனால் கிணறு ஒன்று, மீட்டர் ஒன்று, அது வீட்டுக்காரர் பொறுப்பு. இங்கே வீட்டுக்காரர் ஹோஸ்ட்டின், அதாவது எல்லாவற்றையும் தாங்கும் அந்தப் பெட்டியின், கெர்னல் (வன்பொருளையும் மெமரியையும் பங்கிடும் லினக்ஸின் மையப்பகுதி). ராக்கி 9 கன்டெய்னருக்குள் போய் 'யூநேம் -ஆர்' அடித்தால் ரெட்ஹாட் வகைக் கெர்னல் வராது, ப்ராக்ஸ்மாக்ஸின் கெர்னல் பெயர்தான் வரும். ப்ராசஸ், நெட்வொர்க், மவுண்ட், யூசர் என்று ஒவ்வொன்றையும் நேம்ஸ்பேஸால் தடுப்புச் சுவர் கட்டிப் பிரித்து, யாருக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்பதை சிகுரூப் அளந்து கொடுக்கிறது. அவ்வளவுதான் விஷயம். லினக்ஸில் இது 2008 வாக்கில் எல்எக்ஸ்சி என்ற பெயரில் வந்தது, இன்று பிரபலமான கன்டெய்னர் கருவியான டாக்கர்கூட ஆரம்பத்தில் இதன் மேல்தான் ஓடியது. ப்ராக்ஸ்மாக்ஸ் 2015-ல் வந்த 4.0 பதிப்பில் பழைய கன்டெய்னர் முறையான ஓப்பன்விஇசட்டை விட்டு எல்எக்ஸ்சிக்கு மாறியது.

சரி, உருவாக்குவதிலிருந்து வருகிறேன். 'பிவிஇஏஎம்' கட்டளையில் டெம்ப்ளேட் பட்டியலைப் புதுப்பித்து, வேண்டியதை இறக்கி, 'பிசிடி கிரியேட்' என்று எண்ணும் டெம்ப்ளேட்டும் கொடுத்தால் வேலை முடிந்தது. இணையத் திரையில் கிளிக் செய்து உருவாக்கினால் அன்பிரிவிலேஜ்டு என்ற பெட்டியில் முன்கூட்டியே டிக் இருக்கும். நான் ஆரம்பித்த காலத்தில் கட்டளை வரியில் அதை நாமே சொல்லாவிட்டால் பிரிவிலேஜ்டு கன்டெய்னர்தான் கிடைத்தது, ஸ்கிரிப்டில் உருவாக்கிய என் முதல் எட்டும் அப்படிப் பிறந்தவை. அதாவது உள்ளே இருக்கும் ரூட்டும் (எல்லா அதிகாரமும் உள்ள யூசர்) வெளியே இருக்கும் ரூட்டும் ஒரே ஆள். அன்பிரிவிலேஜ்டு என்றால் உள்ளே பூஜ்யமாகத் தெரியும் யூஐடி (யூசரின் எண்) வெளியே 100000, உள்ளே 1000 என்றால் வெளியே 101000, இப்படி 65536 எண்கள் தள்ளி வைக்கப்படும். உள்ளே இருப்பவன் எப்படியோ சுவரேறிக் குதித்தாலும் ஹோஸ்ட்டில் அவன் ஒன்றுமில்லாத ஆள். டெஸ்ட் மெஷின்தானே என்று இதில் சோம்பல் படாதீர்கள். டெஸ்ட் மெஷினில்தான் எங்கிருந்தோ எடுத்த ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டுகிறோம். உருவாக்கிய பிறகு கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு வரியை மாற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கோப்புகளின் யூஐடி எல்லாம் பழைய எண்களிலேயே நிற்கும். பேக்கப் எடுத்து அன்பிரிவிலேஜ்டாக ரீஸ்டோர் செய்வதுதான் சுத்தமான வழி. நான் எட்டையும் அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினேன்.

மறுபடி உருவாக்கியதும் வந்தது அடுத்த வில்லங்கம். டெபியனில் எஸ்எஸ்ஹெச் லாகின் ஒவ்வொரு முறையும் 25 நொடி எடுத்தது. கடவுச்சொல் கேட்கும், கொடுத்தால் அப்படியே உட்கார்ந்திருக்கும், நாம் கைவிடப்போகும் நேரத்தில் ப்ராம்ப்ட் வரும். எனக்கு உடனே பெயரை ஐபி முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மேல்தான் சந்தேகம். எஸ்எஸ்ஹெச் மெதுவென்றால் டிஎன்எஸ் என்று எத்தனை வருடமாகப் படித்திருக்கிறோம். ரிசால்வர் கோப்பைத் திருத்தி, எஸ்எஸ்ஹெச் கான்ஃபிக்கில் டிஎன்எஸ் பார்ப்பதை நிறுத்தி, ஒரு சாயங்காலமே போயிற்று. கடைசியில் சிஸ்டம் லாகான ஜர்னலைத் திறந்து பார்த்தால், லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி-லாகின்டி எழ முடியாமல் விழுந்து விழுந்து கிடக்கிறது, லாகின் செய்யும்போது அனுமதி சரிபார்க்கும் பேம் அதைக் கூப்பிட்டு, பதிலுக்கு 25 நொடி காத்திருந்து, அலுத்துப்போய் விட்டுவிடுகிறது. காரணம்: மெஷினின் சர்வீஸ்களையெல்லாம் துவக்கும் சிஸ்டம்டியின் புதிய பதிப்பு தன் சர்வீஸ்களுக்குள்ளேயே சின்னச் சின்ன நேம்ஸ்பேஸ்கள் உருவாக்கப் பார்க்கும், அதற்கு கன்டெய்னரில் நெஸ்டிங் வசதி திறந்திருக்க வேண்டும். கான்ஃபிக்கில் ஃபீச்சர்ஸ் வரியில் நெஸ்டிங் 1 என்று போட்டு ரீஸ்டார்ட் செய்தேன், லாகின் உடனே வந்தது. நெஸ்டிங் என்ற பெயரைப் பார்த்து, கன்டெய்னருக்குள் கன்டெய்னர் வேண்டுமென்றால்தான் அது தேவை என்று நினைத்திருந்தேன்.

அடுத்தது யூஐடி விவகாரம், இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பிளேபுக் கோப்புகள் ஹோஸ்ட்டில் ஓர் அடைவில் இருந்தன. அதையே எல்லா கன்டெய்னருக்குள்ளும் பைண்ட் மவுண்ட் செய்துவிட்டால், அதாவது வெளியில் இருக்கும் அடைவை உள்ளே அப்படியே காட்டிவிட்டால், ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் தெரியுமே என்று ஆசை. எம்பி0 என்று ஒரு வரி சேர்த்தால் மவுண்ட் ஆகிவிடும், ஆனது. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாக் கோப்புக்கும் சொந்தக்காரர் 'நோபடி', எழுதவும் முடியவில்லை. ஹோஸ்ட்டில் அந்தக் கோப்புகளின் யூஐடி 1000. கன்டெய்னரின் உலகத்தில் 100000-க்குக் கீழே வெளியில் இருக்கும் எந்த எண்ணுக்கும் உள்ளே பெயரே கிடையாது, அதனால் 65534 என்று காட்டிவிட்டுக் கை கழுவிவிடுகிறது.

இதற்கு சோம்பேறி வழி ஹோஸ்ட்டில் அந்த அடைவை 101000-க்கு மாற்றுவது. அப்படிச் செய்தால் ஹோஸ்ட்டில் எனக்கு எழுத முடியாது. சரியான வழி உள்ளே-வெளியே எண் பொருத்தத்தை, அதாவது மேப்பை, மூன்றாக உடைப்பது: உள்ளே 0 முதல் 999 வரை வெளியே 100000-லிருந்து, உள்ளே 1000 மட்டும் வெளியேயும் 1000, உள்ளே 1001 முதல் மிச்சமுள்ள 64535 எண்களும் வெளியே 101001-லிருந்து. யூசருக்கு மூன்று வரி, குரூப்புக்கு மூன்று வரி. அதோடு ஹோஸ்ட்டில் சப்-யூஐடி, சப்-ஜிஐடி இரண்டு கோப்பிலும் ரூட்டுக்கு 1000 என்ற ஓர் எண்ணைப் பயன்படுத்த அனுமதி வரி. கூட்டல் ஒன்று தப்பினாலும் கன்டெய்னர் எழாது. நான் 64535-க்குப் பதில் 64536 போட்டுவிட்டு அரைமணி நேரம் அந்த எண்களையே முறைத்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 65536, அதில் முதல் ஆயிரமும் நடுவில் ஒன்றும் போனால் எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் 'பிசிடி ஸ்டார்ட்' சொல்லும் ஒற்றை வரிப் பிழையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், டீபக் என்று சேர்த்துத் துவக்கினால் எந்த மேப் மறுக்கப்பட்டது என்பது வரை சொல்லிவிடும்.

இவ்வளவு பாடுபட்டு மேப்பைச் சரிசெய்து முடித்த பிறகு, மெஷினின் அந்த நேரத்து நிலையை உறையவைக்கும் ஸ்னாப்ஷாட் எடுக்கப் போனால் இந்த கன்டெய்னருக்கு அந்த வசதி இல்லை என்கிறது. பைண்ட் மவுண்ட் இருக்கும் கன்டெய்னருக்கு ஸ்னாப்ஷாட் கிடையாது. நியாயம்தான், வெளியில் இருக்கும் அடைவை ஸ்டோரேஜ் எப்படி உறையவைக்கும்? ஆனால் டெஸ்ட் மெஷினின் உயிரே அதில்தானே இருக்கிறது. பிளேபுக்கை ஓட்டு, உடை, பின்னால் திருப்பு, மறுபடி ஓட்டு. ஆக மேப்பையும் மவுண்டையும் எடுத்துக் கடாசிவிட்டு, கோப்புகளை உள்ளே கொண்டுபோக 'பிசிடி புஷ்' அல்லது கிட் குளோன் என்று மாறினேன். இப்போது என் டெஸ்ட் கன்டெய்னர் எதிலும் பைண்ட் மவுண்ட் இல்லை. ஸ்டோரேஜையும் இதே கண்ணோடு தேர்ந்தெடுங்கள்: சாதாரண அடைவு ஸ்டோரேஜில் கன்டெய்னருக்கு ஸ்னாப்ஷாட் வராது, எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் போன்ற ஸ்டோரேஜ் வகை வேண்டும். இசட்எஃப்எஸ்ஸில் இன்னொரு சின்னச் சங்கடம், கடைசியாக எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டும்தான் திரும்ப முடியும். அதற்கு முந்தையது வேண்டுமென்றால் பிந்தையதை அழித்தாக வேண்டும். நான் 'சுத்தம்' என்ற பெயரில் ஒரே ஒரு ஸ்னாப்ஷாட் மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டில் இப்படி ஓரளவு தேறியதும் ஆபீஸிலும் இதே ஆசை வந்தது. அங்கே ப்ராக்ஸ்மாக்ஸ் இல்லை, சாதா டெபியன் சர்வர் ஒன்று, அதில் எல்எக்ஸ்சி பேக்கேஜை மட்டும் நிறுவி கன்டெய்னர்களை அடுக்கினேன். பத்து வரை ஒழுங்காகப் போனது. பதினான்காவதா பதினைந்தாவதா நினைவில்லை, அது எழுந்தது, ஆனால் ஐபி வாங்கவில்லை. உள்ளே போனால் பாதி சர்வீஸ் செத்துக் கிடக்கிறது, 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று ஒப்பாரி. சரி, திறந்த கோப்புகள் அதிகமாகிவிட்டன, அதற்கான வரம்பான யூலிமிட்டை உயர்த்து. உயர்த்தினேன். ஹோஸ்ட்டில் உயர்த்தினேன், கன்டெய்னரில் உயர்த்தினேன், சிஸ்டம்டியின் கான்ஃபிக்கில் உயர்த்தினேன். அதே ஒப்பாரி. வேடிக்கை என்னவென்றால் ஏற்கெனவே ஓடும் ஏதாவது ஒரு கன்டெய்னரை நிறுத்தினால் புதியது நன்றாக எழுகிறது. எந்தக் கன்டெய்னரில் தப்பு என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, தப்பு எந்தக் கன்டெய்னரிலும் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது என்று உறைக்க ஒன்றரை நாள் ஆனது.

துப்பு கிடைத்தது ஹோஸ்ட்டில். தற்செயலாக ஒரு லாக் கோப்பை 'டெயில் -எஃப்' போட்டேன், அது 'ஐநோட்டிஃபை பயன்படுத்த முடியவில்லை, போலிங்குக்குத் திரும்புகிறேன்' என்கிற மாதிரி ஒரு வரி சொல்லிவிட்டு ஓடியது. வழக்கமாகக் கண்டுகொள்ளாமல் விடும் வரி. ஐநோட்டிஃபை என்பது ஒரு கோப்பு மாறினால் சொல்லு என்று கெர்னலிடம் சொல்லிவைக்கும் வசதி, சிஸ்டம்டியும் அதன் பரிவாரங்களும் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ஒரு யூசருக்கு இத்தனை ஐநோட்டிஃபை என்று கெர்னலில் ஒரு வரம்பு உண்டு, இயல்பாக 128. கன்டெய்னர்கள் எத்தனை இருந்தாலும் அவை எல்லாவற்றையும் துவக்கியது ஹோஸ்ட்டின் ஒரே யூசர் என்பதால் எல்லாம் ஒரே கணக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு கன்டெய்னரும் ஏழெட்டு எடுத்துக்கொண்டால் பதினைந்தாவதுக்கு வரும்போது கிணற்றில் தண்ணீர் இல்லை. இதில் கொடுமை, கோப்பு வரம்பு தாண்டினாலும் ஐநோட்டிஃபை வரம்பு தாண்டினாலும் கெர்னல் திருப்பித் தருவது ஒரே பிழை எண், ஒரே வாசகம். ஹோஸ்ட்டில் எஃப்எஸ்-ஐநோட்டிஃபை-மேக்ஸ்-யூசர்-இன்ஸ்டன்சஸ் என்ற சிஸ்கண்ட்ரோல் (கெர்னல் அமைப்பு) மதிப்பை உயர்த்தினேன், முப்பது கன்டெய்னர் வரை போனேன், சத்தமில்லை. வீட்டில் இது ஏன் வரவில்லை என்றால், ப்ராக்ஸ்மாக்ஸ் இந்த வரம்புகளை உயர்த்தியே தருகிறது. யாரோ முன்னால் அடிபட்டு நமக்காகப் போட்டுவைத்த கோப்பு அது. சாதா லினக்ஸில் கன்டெய்னர் அடுக்குபவர்கள் இதையும், கூடவே கெர்னல் கீ எண்ணிக்கை வரம்பையும் முதல் நாளே உயர்த்திவிடுங்கள், அது இயல்பாக 200 மட்டுமே.

அதே ஆபீஸ் மெஷினில் செய்த இன்னொரு அறிவாளித்தனம்: குளோன் கட்டளையைப் பார்க்கச் சோம்பல்பட்டு, ஒரு கன்டெய்னரின் ரூட் அடைவை அப்படியே ஆர்சிங்க் போட்டு நகல் எடுத்தேன். இரண்டும் எழுந்தன, இரண்டுக்கும் ஒரே ஐபி. நெட்வொர்க் கார்டின் அடையாளமான மேக் முகவரி வேறுதான், மாற்றியிருந்தேன். ஆனால் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, ஐபி வழங்கும் டிஹெச்சிபியிடம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அடையாளத்தை மெஷின்-ஐடி கோப்பிலிருந்து உருவாக்குகிறது, அது இரண்டிலும் ஒன்றே. எஸ்எஸ்ஹெச் போட்டால் ஒரு நேரம் இவன், ஒரு நேரம் அவன். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீயும் ஒன்றே என்பதால் வழக்கமாக வரும் எச்சரிக்கைகூட வரவில்லை, எந்த மெஷினில் இருக்கிறேன் என்றே தெரியாமல் வேலை செய்துகொண்டிருந்தேன். இப்போதெல்லாம் தங்க நகல் ஒன்று தயார் செய்து, அதில் மெஷின்-ஐடியைக் காலி செய்து, ஹோஸ்ட் கீகளை அழித்து, முதல் பூட்டில் புதிய கீ உருவாக்க ஒரு சின்ன சர்வீஸ் வைத்து, அப்புறம்தான் 'பிசிடி டெம்ப்ளேட்' என்று பூட்டுகிறேன். அதிலிருந்து, மூலத்தோடு டிஸ்க்கைப் பகிரும் லிங்க்டு குளோன் எடுத்தால் டிஸ்க்கும் கொஞ்சம்தான் ஆகிறது.

ப்ராக்ஸ்மாக்ஸில் இதோடு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கன்டெய்னர் துவங்கும்போதும் ஹோஸ்ட்நேம், ஹோஸ்ட்ஸ் கோப்பு, ரிசால்வர் கோப்பு இவற்றை ப்ராக்ஸ்மாக்ஸ் தானே எழுதும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் ப்ராக்ஸ்மாக்ஸ் தனக்கென்று குறியிட்டு வைத்திருக்கும் பகுதிக்குள் பிளேபுக் அழகாக எழுதி வைக்கும், ரீஸ்டார்ட் செய்தால் அது காணாமல் போகும், நாம் பிளேபுக்கைச் சந்தேகிப்போம். அதே அடைவில் புள்ளி பிவிஇ-இக்னோர் புள்ளி ஹோஸ்ட்ஸ் என்று ஒரு வெற்றுக் கோப்பு வைத்துவிட்டால் அதைத் தொடாது.

இனி என் மானம் போன கதை. பிளேபுக் ஒன்று எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளை நிறுவும், அதற்கு விஎம்-மேக்ஸ்-மேப்-கவுண்ட் (இந்த விஎம் விர்ச்சுவல் மெமரி) என்ற கெர்னல் மதிப்பை 65530-லிருந்து 262144-க்கு உயர்த்தும். கன்டெய்னருக்குள் இதை மாற்ற முடியாது. நெட்வொர்க் தொடர்பான சிஸ்கண்ட்ரோல்கள் பல அந்தந்த நேம்ஸ்பேஸுக்கு உரியவை, ஐபி ஃபார்வர்டிங்கை உள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். மெமரி தொடர்பானவை மொத்த வீட்டுக்கும் பொது, குடித்தனக்காரர் கை வைக்க முடியாது. டெஸ்ட் அந்த இடத்தில் சிவப்பாகி நின்றது. நான் என்ன செய்தேன்? ஹோஸ்ட்டில் கையால் மதிப்பை உயர்த்திவிட்டு, பிளேபுக்கில் அந்த டாஸ்க்குக்குப் பிழை வந்தால் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரி சேர்த்தேன். டெஸ்ட் பச்சையாகிவிட்டது. சில வாரம் கழித்து அந்த டாஸ்க்கைத் திருத்தும்போது பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். கன்டெய்னரில் அந்த டாஸ்க் எப்போதும் தோற்கும், எப்போதும் கண்டுகொள்ளப்படாது, ஆகவே பச்சை. ப்ரொடக்ஷனில் நிஜ சர்வரில் ஓட்டியபோதும் தோற்றது, அங்கேயும் கண்டுகொள்ளப்படவில்லை. எலாஸ்டிக்சர்ச் மேப் கவுண்ட் போதாது என்று சொல்லி எழ மறுத்தது. பத்துப் பேர் இருந்த கான்ஃபரன்ஸ் காலில் நான் பிளேபுக்கைத் திரையில் காட்டி, டெஸ்டில் ஓடியதே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த விடுபட்ட எழுத்து என் கண்ணில் பட்டது.

அதற்குப் பிறகு பிழையை விழுங்கும் வரிகளை மொத்தமாக எடுத்தேன். அதற்குப் பதில் ஆன்சிபிள் திரட்டும் தகவலில் விர்ச்சுவலைசேஷன் வகை எல்எக்ஸ்சி என்றால் இந்த டாஸ்க்கைத் தவிர்த்துவிடு என்று வெளிப்படையாக நிபந்தனை போட்டிருக்கிறேன். ஆன்சிபிள் இல்லாதவர்கள் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' கட்டளையை ஓட்டினால் அது எல்எக்ஸ்சி என்று சொல்லும், ஸ்கிரிப்டில் அதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். அப்படித் தவிர்க்கப்பட்ட டாஸ்க்குகளின் பட்டியலை மட்டும் தனியாக எடுத்து, வாரம் ஒருமுறை ஒரே ஒரு விஎம்மில் முழுதாக ஓட்டுகிறேன். கிரப், இனிட்ராம்எஃப்எஸ் போன்ற பூட் சமாச்சாரங்கள், கெர்னல் மாட்யூல், கெர்னல் அப்டேட், பார்ட்டிஷன் வேலை எல்லாம் அந்த விஎம்முக்கு. கன்டெய்னரில் கெர்னல் பேக்கேஜே இல்லை, அங்கே கெர்னல் அப்டேட் டெஸ்ட் பச்சையாக வந்தால் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

மெமரியை எடுத்துக்கொண்டால், 512 எம்பி வரம்பு கொடுத்த கன்டெய்னரில் 'ஃப்ரீ' அடித்தால் 512 என்றே காட்டும், அது எல்எக்ஸ்சிஎஃப்எஸ் செய்யும் வித்தை, ப்ராக் கோப்புகளுக்குப் பதிலாகத் தன் கணக்கைக் காட்டுகிறது. மெஷின் எவ்வளவு சுமையில் இருக்கிறது என்று காட்டும் லோட் ஆவரேஜுக்கு அந்த வித்தை இயல்பாக இல்லை, தனியாகத் திறக்க வேண்டும். அதனால் சும்மா கிடக்கும் கன்டெய்னரில் லோட் 9 என்று தெரிந்தால் பதறாதீர்கள், அது பக்கத்து வீட்டுச் சத்தம். மெமரி வரம்பு தாண்டி ஏதாவது ப்ராசஸ் கொல்லப்பட்டால், யார் எதற்காகக் கொன்றார் என்ற விவரம் ஹோஸ்ட்டின் கெர்னல் லாகில் கிடைக்கும், உள்ளே மட்டும் தேடிக்கொண்டிருந்தால் பாதிக் கதைதான் தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. சான்றிதழ் காலாவதியானால் என் அலர்ட் வருகிறதா என்று பார்க்க, கன்டெய்னரின் தேதியை மூன்று மாதம் முன்னால் தள்ளலாம் என்று போனேன். அனுமதி இல்லை என்றது. கடிகாரமும் பொதுச் சொத்து. 2020-ல் கெர்னல் 5.6-ல் டைம் நேம்ஸ்பேஸ் வந்ததே என்று படித்துப் பார்த்தால், அது பூட் ஆனதிலிருந்து ஓடும் கடிகாரத்தை மட்டும்தான் பிரிக்கிறது, சுவர்க் கடிகாரத்தை அல்ல. பிரிவிலேஜ்டு கன்டெய்னரில் தடையை எல்லாம் தளர்த்தி மாற்றிவிடலாமே என்று யோசிக்காதீர்கள், மாறுவது ஹோஸ்ட்டின் நேரம், கூடவே பக்கத்தில் ஓடும் எல்லாருடைய நேரமும். பொய் நேரம் காட்டும் லிப்ஃபேக்டைம் கொண்டு அந்த ஒரு ப்ராசஸை மட்டும் ஏமாற்றினேன், போதுமானதாக இருந்தது. அதையும் தாண்டி வேண்டுமென்றால் விஎம்தான். உள்ளே நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டி ஓடவில்லையே என்று நேரத்தை வீணாக்கவும் வேண்டாம், கன்டெய்னர் என்றால் துவங்காதே என்று அதன் சர்வீஸ் கோப்பிலேயே எழுதியிருக்கிறது.

பழைய டிஸ்ட்ரோக்கள் தனிக் கதை. ஒரு வாடிக்கையாளரிடம் சென்ட்ஓஎஸ் 7 இன்னும் ஓடுகிறது, 2024 ஜூனோடு ஆதரவு முடிந்துபோன பிறகும். அதற்கு ஒரு டெஸ்ட் கன்டெய்னர் போட்டால் எழவே இல்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் 7-லிருந்து சிகுரூப் இரண்டாம் பதிப்பு மட்டும்தான் இயல்பு, சென்ட்ஓஎஸ் 7-ல் இருக்கும் சிஸ்டம்டி 219-க்கு அது என்னவென்றே தெரியாது. உபுண்டு 16.04-க்கும் இதே கதி. ஹோஸ்ட்டின் பூட் வரியில் பழைய முறைக்குத் திரும்பச் சொல்லலாம் என்று எழுதியிருந்தார்கள், ஒரு கிழவருக்காக மொத்த வீட்டின் வயரிங்கையும் மாற்றுவானேன் என்று அதை விஎம்மில் போட்டுவிட்டேன். டாக்கரையும் இப்போது விஎம்மில்தான் வைத்திருக்கிறேன். கன்டெய்னருக்குள் நெஸ்டிங், கீசிடிஎல் இரண்டையும் திறந்துவிட்டால் டாக்கர் ஓடுகிறது, ஆனால் என் இசட்எஃப்எஸ் 2.2-க்கு முந்தையது, இமேஜின் லேயர்களை நகலெடுக்காமல் அடுக்கும் ஓவர்லே அதன் மேல் வேலை செய்யாமல் டாக்கர் சத்தமில்லாமல் விஎஃப்எஸ் டிரைவருக்கு மாறிக்கொண்டது. அதில் ஒவ்வொரு லேயரும் முழு நகல். நாலு இமேஜ் இழுத்ததும் 20 ஜிபி டிஸ்க்கும் தீர்ந்துவிட்டது. நான் அதைக் கவனித்தது டிஸ்க் நிரம்பிய பிறகுதான்.

கடைசியாக, சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட். டெஸ்ட் முடிந்ததும் கன்டெய்னர்களை நிறுத்தி அழிக்க நாலு வரியில் ஒரு லூப் எழுதியிருந்தேன்: 'பிசிடி லிஸ்ட்' தரும் எல்லா எண்ணையும் எடு, நிறுத்து, அழி. எழுதிய அன்று அந்தப் பெட்டியில் டெஸ்ட் கன்டெய்னர்கள் மட்டும்தான் இருந்தன, அதனால் அது சரி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கான டிஎன்எஸ் சர்வரையும் அதே பெட்டியில் ஒரு கன்டெய்னராக வைத்தேன், ஸ்கிரிப்டை மறந்தே போனேன். மூன்றாம் நாள் ராத்திரி டெஸ்ட் முடிந்து ஸ்கிரிப்டை ஓட்டிவிட்டு, பல் தேய்க்கப் போனவனுக்கு ஹாலிலிருந்து குரல் வந்தது, டிவியில் படம் சுத்திக்கிட்டே இருக்கு, நெட்டைப் பிடுங்கிவிட்டாயா என்று. பேக்கப் இருந்தது, ஆனால் ரீஸ்டோருக்கான கட்டளை எனக்கு மனப்பாடம் இல்லை, அதைத் தேட வீட்டில் நெட் இல்லை. மொபைல் டேட்டாவைத் திறந்து, போனில் படித்து, கீபோர்டில் தட்டித் திருப்பிக் கொண்டுவந்தேன்.

இப்போது டெஸ்ட் கன்டெய்னர்கள் எல்லாம் 900-லிருந்து 999-க்குள் மட்டும், ஸ்கிரிப்ட் அந்த வரம்புக்கு வெளியே ஓர் எண்ணைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடும். டிஎன்எஸ் கன்டெய்னருக்கு ப்ரொடெக்ஷன் 1 என்று ஒரு வரி போட்டிருக்கிறேன், அது இருந்தால் அழிக்கச் சொன்னாலும் மறுத்துவிடும். ரீஸ்டோர் கட்டளையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மினி பிசியின் தலையில் ஒட்டியிருக்கிறேன். டிவி நின்றுபோனால் யாரைக் கேட்க வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.